பெரிய வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நடப்பது: வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தையல் பிரிஞ்சிடும், அசையாம படுங்க." சேலத்தில் எந்த சர்ஜரி வார்டுக்குப் போனாலும் காதில் விழும் பேச்சு இது. சொல்வது டாக்டரோ சிஸ்டரோ அல்ல. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து ராத்திரியெல்லாம் கண்விழிக்கும் மகளோ மனைவியோதான். பாசத்தில் சொல்கிறார்கள். ஆனால் குடல், இரைப்பை, கணையம் என்று பெரிய ஆபரேஷன் ஆனவரை அந்தப் பாசம் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுகிறது. ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து நிற்பது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் கூட இருப்பது நீங்கள். அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் அந்தத் தையல் பயம். வெளியே தெரியும் தோல் தையல் வயிற்றைத் தாங்குவதில்லை. உள்ளே தசையின் உறையைச் சேர்த்துப் போட்டிருக்கும் உறுதியான தையல்தான் தாங்குகிறது. நிதானமாக நடப்பதால் அது பிரியாது. எடை தூக்குவதும், முக்கி மலம் கழிப்பதும், வயிற்றுக்குப் பிடிமானம் கொடுக்காமல் பலமாக இருமுவதும்தான் அதைச் சோதிக்கும். மல்லாந்தே கிடந்தால் வருகிற கெடுதல்கள் வேறு: நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்கும், நிமோனியா வரலாம். கெண்டைக்கால் சதை வேலை செய்யாததால் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலட் 1990களில் தொடங்கிவைத்த விரைவு மீட்பு முறையில், சீக்கிரம் எழுப்புவதும் ஒரு முக்கியமான அங்கம். அதையொட்டி வந்த குடல் ஆபரேஷன் பரிந்துரை ஒன்று, ஆபரேஷன் அன்றே 2 மணி நேரம், மறுநாளிலிருந்து தினமும் 6 மணி நேரம் கட்டிலைவிட்டு வெளியே இருக்கச் சொன்னது. நடை மட்டுமல்ல, நாற்காலியில் உட்காருவதும் இந்தக் கணக்கில் சேரும். பாத்ரூமுக்கு ஒரு தடவை போய்வந்ததை "நடந்தாச்சு" என்று கணக்கு முடிப்பது, நான் தினமும் பார்க்கும் தவறு. ஒரேயடியாக வேண்டாம், பிரித்துப் பிரித்து நடக்கட்டும். முதுகு சாய்க்க வசதியுள்ள நாற்காலி ஒன்று கிடைக்குமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள், ஸ்டூல் சரிவராது.

எழுப்பும் விதத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இரண்டு கையையும் பிடித்து நேராக இழுத்துத் தூக்கினால், வயிற்றுச் சதை முழுவதும் இறுகி உயிர் போகிற வலி வரும். ஒருமுறை அப்படி வலித்தவர் அப்புறம் எழவே பயப்படுவார். முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கச் சொல்லுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாக, ஒரு பக்கமாகப் புரளட்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழ்ப்பக்க முழங்கையை ஊன்றி அவரே எழும்பட்டும். உங்கள் கை தோளுக்குப் பின்னால் அணைவாக இருந்தால் போதும். எழுந்த உடனே நிற்க வைக்காதீர்கள். சில நிமிடம் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். தலைசுற்றல், வியர்வை, கண்ணில் இருட்டு என்றால் திரும்பப் படுக்கவைத்து சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

வலி மாத்திரையை "கிட்னிக்கு ஆகாது" என்று ஒதுக்கிவைத்துவிட்டு, வலியோடு நடக்கச் சொல்வதும் நியாயமில்லை. டாக்டர் எழுதியதைக் கொடுத்து, அரை மணி நேரம் போல விட்டு நடக்கவையுங்கள். இருமல் வந்தால் ஒரு சின்னத் தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடிக்கட்டும்.

யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். தோளில் மாட்டிக்கொண்டு போகக் கூடாது. வயிற்றுக்குள் தேங்கும் நீரை வெளியே எடுக்கும் டிரெயின் டியூபை இழுபடாமல் சட்டையில் ஊக்கு குத்தி வையுங்கள்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள கருவி கொடுப்பார்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மெதுவாக உள்ளே உறிஞ்ச வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை என்பது வழக்கமான அளவு.

எல்லோரையும் ஒரே மாதிரி எழுப்பிவிடவும் கூடாது. முதுகில் போட்ட வலி மருந்தால் கால் மரத்திருந்தாலோ, பிரஷர் இறங்கியிருந்தாலோ, டாக்டர் வேண்டாம் என்றிருந்தாலோ காத்திருங்கள். முதல்முறை எழும்போது சிஸ்டர் கூட இருப்பது நல்லது.

ஏற்காடு மலையிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. திரும்பும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் வாந்தி வருகிறவராக இருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும்போதே மாத்திரை கேட்டுக்கொள்ளுங்கள். முன்சீட்டில் உட்காரவைத்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் எஸ்டேட் மேட்டில் ஏற விடாமல் முதலில் வாசலிலோ களத்திலோ சமதளத்தில் நடக்கட்டும். "நடக்கச் சொன்னாங்களே" என்று மறுவாரமே தண்ணீர்க் குடமும் விறகுக்கட்டும் காப்பி மூட்டையும் தூக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நடை வேறு, சுமை வேறு. சுமாராக ஆறு வாரத்துக்கு எடை எதுவும் வேண்டாம். உங்கள் சர்ஜன் அதிகமாகச் சொன்னால் அதுதான் கணக்கு.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலிலிருந்து திடீரென்று நீர் கொட்டினாலோ மறு செக்கப் தேதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால் வேறு வண்டி தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.