மூக்கு வழியாகக் கட்டி அகற்றியபின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

மண்டையோட்டின் முன் அடித்தளத்தை ஒட்டி வளரும் புற்றுநோயல்லாத கட்டிகள் பலவற்றை, முகத்தில் கீறாமல், மூக்குத் துளை வழியே எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) செலுத்தி அகற்ற முடிகிறது. வெளியே தையல் தெரியாததால் நோயாளி முழுக்கத் தேறிவிட்டார் என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் மூளைக்கும் மூக்குக்கும் இடையே திசு வைத்து அடைத்த இடம் உறுதிப்படச் சில வாரங்கள் ஆகும்.

மருத்துவர் அனுமதிக்கும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும். குனிந்து குடம் தூக்குவதும் மலச்சிக்கலில் முக்குவதும் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். வட சென்னையில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்போர், கண்டெய்னர் லாரிப் புழுதி வரும் சன்னலைச் சாத்தி வைப்பது நல்லது. மூக்கைக் கழுவச் சொல்லியிருந்தால், லாரித் தண்ணீரையோ குழாய் நீரையோ நன்கு கொதிக்க வைத்து ஆற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட இதைக் கவனியுங்கள்: தலையை முன்னே சாய்க்கும்போது மூக்கிலிருந்து தண்ணீர்போல் தெளிவாகச் சொட்டினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ, சளி என்று விட்டுவிடாதீர்கள், அது மூளையைச் சூழ்ந்துள்ள நீராக இருக்கலாம். இந்த நீர்க்கசிவும், கழுத்து விறைப்புடன் கூடிய காய்ச்சலும், திடீர்ப் பார்வை மங்கலும் காலைவரை காத்திருக்கக் கூடியவை அல்ல. அறுவை செய்த மருத்துவமனை தொலைவில் இருந்தால், 108-ஐ அழைத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூக்கு வழியே குழாய் எதையும் செலுத்திவிடாதிருக்க, டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, நடந்த அறுவையைப் பணியிலுள்ள மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.