மேமோகிராம் ரிப்போர்ட்டில் ‘4’ என்று இருந்தால்: படிப்பது எப்படி, காத்திருப்பது எப்படி

போன ஆவணியில் என் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் (BI-RADS) 4ஏ’ என்று இருந்தது. ஸ்கேன் சென்டர் வாசலிலேயே உறையைப் பிரித்த அக்கா, “நாலாவது ஸ்டேஜாடி?” என்று கேட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவு முழுக்க இரண்டு பேரும் தூங்கவில்லை. காலையில் டாக்டர் இரண்டே நிமிடத்தில் விளக்கிவிட்டார். அப்படி ஓர் இரவு இன்னொருத்திக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள்

‘இம்ப்ரஷன்’ என்ற தலைப்பின் கீழ்தான் முடிவு இருக்கும். மேலே உள்ளது வர்ணனை. அதில் ‘2 மணி’ என்று இருந்தால், மார்பைக் கடிகார முகமாக வைத்து இடத்தைச் சொல்கிறார்கள் என்று பொருள்.

2. எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. பைராட்ஸ் எண்ணுக்கும் புற்றுநோயின் ஸ்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை. புற்றுநோய் உறுதியான பிறகு, அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்வது ஸ்டேஜ். பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்தவருக்கு எவ்வளவு சந்தேகம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எண். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த முறை இது.

1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை; பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள். 4 என்றால் பயாப்ஸி, அதாவது கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பது, தேவை. ஆனால் 4க்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கிறது: 4ஏ என்றால் 2 முதல் 10 சதவீதம், 4பி என்றால் 50 வரை, 4சி அதற்கும் மேல். அதாவது, 4ஏ வந்த நூறு பேரில் தொண்ணூறு பேருக்காவது புற்று இருக்காது. இதை அந்த இரவில் யாராவது சொல்லியிருந்தால்! 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ, தாமதிக்கவே கூடாது. 6 ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு.

வெறும் ‘4’ என்று மட்டும் இருந்தால், ஏ-வா, பி-யா, சி-யா என்று கேட்டு வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் ‘அடர்த்தி சி’, ‘அடர்த்தி டி’ என்று இருந்தால் அது நோய் இல்லை; மார்புத் திசு அடர்த்தியாக இருக்கிறது என்று மட்டும் பொருள். அடர்த்தியான திசுவும் கட்டியும் படத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிவதால், கூடவே அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லலாம்.

3. பழைய படங்களைத் தேடி எடுங்கள்

முந்தைய ஃபிலிம், சிடி எல்லாவற்றையும் கொண்டு போங்கள். போனில் எடுத்த போட்டோ போதாது. இரண்டு வருடமாக மாறாத ஒரு கட்டிக்கும் புதிதாக முளைத்த கட்டிக்கும் வித்தியாசம் பழைய படத்தில்தான் தெரியும்.

4. பயாப்ஸி

ஊசியால் செல்லை மட்டும் உறிஞ்சும் எஃப்என்ஏசியைவிட, சின்னத் திசுத் துண்டே எடுக்கும் கோர் பயாப்ஸிதான் என் தேர்வு. திசுவின் அமைப்பையே பார்க்க முடியும் என்பதால் முடிவு தெளிவாக வரும். உங்களுக்கு எது என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும்; வலியைவிட அதில்தான் நான் துள்ளினேன்.

5. காத்திருக்கும் நாட்கள்

கிளம்பும்முன் கேளுங்கள்: ரிசல்ட் என்றைக்கு வரும், யார் சொல்வார்கள், போனிலா நேரிலா? அது தெரிந்த பிறகுதான் நான் போனையே வெறித்துப் பார்ப்பதை விட்டேன். இரண்டே பேரிடம் சொல்லுங்கள். எனக்கு அக்காவும் கணவரும் போதும் என்று இருந்தது. சாயங்காலத்துக்கு மேல் இணையத்தில் தேடாதீர்கள். கேள்வி வந்தால் நோட்டில் எழுதி டாக்டரிடம் கேளுங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். நான் பகலெல்லாம் தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருந்தேன். கைக்கு வேலை இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கியது.

ஆறாம் நாள் ஃபைப்ரோஅடினோமா என்று வந்தது. புற்று இல்லாத சாதாரணக் கட்டி.

பின்சேர்க்கை: ஒரு தோழி “0 வந்திருக்கு, ஒண்ணுமில்லதானே?” என்று கேட்டிருந்தார். இல்லைங்க. 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் படமோ பழைய படத்தோடு ஒப்பீடோ வேண்டும் என்று பொருள். பயம் வேண்டாம், ஆனால் கட்டாயம் திரும்பப் போங்கள். போகும் நாளில் பவுடர், டியோடரண்ட் போடாதீர்கள். அவை படத்தில் மார்பில் படியும் சுண்ணாம்புப் புள்ளி (கால்சியம் படிவு) போலத் தெரியலாம்.

இன்னொருவருக்கு ரிப்போர்ட்டில் 1, ஆனால் மார்பைத் தொட்டால் கட்டி தட்டுப்படுகிறதாம். அம்மா, ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.