ஹோம்வொர்க் நேரத்தில் பெற்றோர் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க் கொடுக்கவே கூடாது. இதை நானாகச் சொல்லவில்லை. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஎஸ்இ பள்ளிகள் தொடர்பான வழக்கில் அப்படித்தான் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கையிலும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம், மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு மொத்தமே இரண்டு மணி நேரம், ஆறு முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்! நம் வீடுகளில் பல நாள் ஒரே சாயங்காலத்தில் அது தீர்ந்துவிடுகிறது.

சரி, பள்ளி கொடுத்துவிட்டது, டைரியில் எழுதி வந்துவிட்டது, என்ன செய்வது? நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். வீட்டுப்பாடம் பிள்ளையின் வேலை, அதற்கு நேரமும் இடமும் ஒதுக்கித் தருவதும் கேள்வி கேட்பதும் உங்கள் வேலை. இந்த இரண்டும் இடம் மாறும்போதுதான் வீட்டில் அழுகையும் அடியும் நடக்கின்றன.

பள்ளியிலிருந்து வந்ததும் உட்கார வைக்காதீர்கள். ஏதாவது சாப்பிடட்டும், தெருவில் கொஞ்ச நேரம் ஓடி ஆடி விளையாடட்டும். விளக்கு வைத்த பிறகு தினமும் ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் 'எழுது எழுது' என்று கத்தும் வேலை இரண்டு மூன்று வாரத்தில் பெருமளவு குறைந்துவிடும். தனி அறை, மேஜை எல்லாம் தேவையில்லை, பாயும் நல்ல வெளிச்சமும் போதும். அந்த நேரத்துக்கு மட்டும் டிவி அணைந்திருக்க வேண்டும், எல்லோருக்கும் சேர்த்து. ஹோம்வொர்க் வாட்ஸ்அப்பில் வருகிறதென்றால் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு போனை வாங்கி வைத்துவிடுங்கள், போன் கையில் இருக்கும்வரை கண் அதில்தான் இருக்கும்.

இனி கணக்கு. இதில்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

மூன்றாம், நான்காம் வகுப்பில் 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 376 என்று விடை போடும். உடனே 'கவனமே இல்லை' என்று திட்டுவோம். விடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எட்டில் இரண்டு போனால் ஆறு, ஏழில் பூஜ்யம் போனால் ஏழு, நாலில் ஒன்று போனால் மூன்று. மேலே இருப்பதா கீழே இருப்பதா என்று பார்க்காமல் ஒவ்வொரு வரிசையிலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது, அதுவும் ஒரு இடத்தில்கூடப் பிசகாமல். இது கவனக் குறைவு இல்லை, பிள்ளை தானாகப் பிடித்துக்கொண்ட ஒரு தப்பான விதி. இன்னும் இருபது கணக்கு போடச் சொன்னால் அந்தத் தப்பான விதிதான் இருபது முறை பழகும்.

அதனால் தப்பு என்று சொல்லும் முன் 'எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள், குரலை ஏற்றாமல். அவன் சொல்லும்போதே எங்கே தடம் மாறியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் நாலு நூறு ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து (தாளில் எழுதி வெட்டியதாக இருந்தாலும் போதும்) 'கடைக்காரருக்கு 178 ரூபாய் சரியாகக் கொடு' என்று சொல்லுங்கள். எட்டு ரூபாய் கொடுக்க அவனிடம் இரண்டு காசுதான் இருக்கிறது, பத்து ரூபாய் நோட்டு ஒன்றுகூட இல்லை, ஆகவே ஒரு நூறை மாற்றி பத்து பத்து ரூபாய் நோட்டு வாங்க வேண்டும், அதில் ஒன்றை மாற்றிப் பத்துக் காசு வாங்க வேண்டும். இப்போது கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு காசு. 178 கொடுத்தது போக மீதி 224. பூஜ்யத்துக்குப் பதில் ஒன்பது ஏன் வந்தது என்பதை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான். கடைசியில் 224-ஐயும் 178-ஐயும் கூட்டி 402 வருகிறதா என்று அவனையே சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் 'அம்மா, சரியா?' என்று ஒவ்வொரு கணக்குக்கும் ஓடி வர மாட்டான்.

மொழிப் பாடத்தில் இம்போசிஷன் என்று ஒன்று இருக்கிறது. 'பள்ளி' என்ற சொல்லைப் பத்து முறை எழுதச் சொன்னால் பிள்ளை முதலில் மேலிருந்து கீழாகப் பத்து 'ப' போடும், அப்புறம் பத்து 'ள்', அப்புறம் பத்து 'ளி'. கை எழுதுகிறது, மனசு எங்கோ இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லைப் பார்க்கட்டும், வாய்விட்டுப் படிக்கட்டும், மூடிவிட்டு எழுதட்டும், திறந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இப்படி மூன்று முறை எழுதினாலே நிற்கும். ல, ள, ழ குழப்பத்துக்கு நீங்கள் வாசிக்கும்போது உச்சரிப்பைத் திருத்தமாகச் சொல்வதுதான் பாதி மருந்து. பல்லியும் பள்ளியும் காதில் ஒன்றாக விழுந்தால் நோட்டிலும் ஒன்றாகத்தான் வரும்.

கேள்வி பதிலுக்கும் இதே வழிதான். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்று 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில் காட்டினார்கள். சின்னப் பிள்ளையிடம் ஆய்வு, பரிசோதனை என்றெல்லாம் பேச வேண்டாம். சமைத்துக்கொண்டே 'இன்னிக்கு அறிவியல்ல என்ன நடத்தினாங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்லு' என்று கேட்டால் போதும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்த, அல்லது படிக்கவே வாய்ப்புக் கிடைக்காத எத்தனையோ அம்மா அப்பாக்கள், பிள்ளை ஆங்கில வழியில் படிக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாதே என்று ஒதுங்கிவிடுகிறார்கள், கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றாம் வகுப்பிலேயே டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். உங்களுக்கு விடை தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் விளக்க முடிந்தால் புரிந்துவிட்டது, வார்த்தை மாறாமல் ஒப்பித்துவிட்டு விழித்தால் புரியவில்லை. இதைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டமும் வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பாடநூல் என்றால் பாடத்தோடு இருக்கும் க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ கிடைக்கும், அதை இருவரும் சேர்ந்து பாருங்கள்.

எவ்வளவு நேரம் எழுதலாம்? வீட்டுப்பாடம் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் ஆதரிக்கும் கணக்கு எளிதானது, வகுப்புக்குப் பத்து நிமிடம். மூன்றாம் வகுப்புக்கு அரை மணி, ஆறாம் வகுப்புக்கு ஒரு மணி. தொடக்கப் பள்ளி வயதில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பு இல்லை, மேல் வகுப்புகளில்தான் அது தெரிகிறது என்றும் அவர் 2006-ல் தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நேரம் முடிந்ததும் நிறுத்துங்கள். தூங்கி வழியும் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள், நீங்களே அவன் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கவும் கூடாது, கொடுத்தால் ஆசிரியருக்கு அவனுக்கு எது தெரியவில்லை என்பதே தெரியாமல் போய்விடும். டைரியில் இப்படி எழுதுங்கள்:

'வணக்கம் டீச்சர். நேற்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதினாள். 6, 7 கணக்குகள் புரியவில்லை, அதனால் போடவில்லை. வகுப்பில் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.'

குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். நாற்பது பிள்ளைகளைப் பார்க்கிற ஆசிரியருக்கு இந்த இரண்டு வரி உண்மையிலேயே உதவும்.

ப்ராஜெக்ட், சார்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் பிரிண்ட் எடுத்து ஒட்டியதைவிட பிள்ளை கோணலாக வரைந்த செம்பருத்தி ஆயிரம் மடங்கு மேல், அதையே கொடுத்தனுப்புங்கள்.

ஆறாம் வகுப்புக்கு மேல் பக்கத்தில் உட்காராதீர்கள். எதை முதலில் முடிப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும், கஷ்டமான பாடத்தை முதலில் எடுக்கச் சொன்னால் போதும். கைடைப் பார்த்து எழுதுவதைத் தடுக்க முடியாது என்றால் முதலில் சொந்தமாக எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடட்டும். மறந்துவிட்டுப் போய் ஒரு நாள் திட்டு வாங்கினால் வாங்கட்டும், நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு பிள்ளை தினமும் அழுகிறது, கரும்பலகையில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதி வருகிறது என்றால் சோம்பேறி என்று முடிவு கட்டும் முன் கண் பரிசோதனை செய்யுங்கள். கண்ணில் குறை இல்லை, ஆனாலும் வாசிக்கத் தடுமாறுகிறது, எழுத்துகள் இடம் மாறி வருகின்றன என்றால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். கற்றல் குறைபாடு இருந்தால் அதற்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.