ஏஆர் செயலியில் நெட்வொர்க்கும் வெப்வியூவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரணச் செயலியில் ஒரு பட்டனைத் தட்டினால் சக்கரம் சுற்றும், ஆள் காத்திருப்பார், பக்கம் வரும். அந்தச் சில நொடிகளில் திரையில் எதுவும் மாறாது, மாறவும் தேவையில்லை. ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது கேமராக் காட்சியின் மேல் 3டி பொருள்களை வைத்துக் காட்டும்) செயலியில் அந்த வசதி கிடையாது. கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது, போனைப் பிடித்திருப்பவர் நடந்துகொண்டே இருக்கிறார், தரை எங்கே சுவர் எங்கே என்ற கணிப்பும் ஓயாமல் திருத்தப்படுகிறது. சர்வருக்குப் போகும் கோரிக்கையானாலும் சரி, செயலிக்குள் வெப்வியூவில் திறக்கும் வலைப்பக்கமானாலும் சரி, பெரும்பாலான கோளாறுகள் இந்த வித்தியாசத்தை மறந்து எழுதுவதால்தான் வருகின்றன.

சோபாவை வீட்டில் வைத்துப் பார்க்க உதவும் மரச்சாமான் கடைச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில், அதன் ஏஆர் தொகுப்பான ஏஆர் ஃபவுண்டேஷன் வைத்து எழுதியது. அச்சிட்ட கேட்டலாக்கில் ஒரு படத்தைக் காட்டினால் விவரம் வர வேண்டும், தரையைத் தட்டினால் 3டி மாடல் இறங்கி அங்கே நிற்க வேண்டும், "விவரம் பார்க்க" என்று தொட்டால் கடையின் வலைப்பக்கம் திறக்க வேண்டும்.

கோரிக்கை எங்கிருந்து கிளம்புகிறது

படத்தை அடையாளம் கண்டதும் ஏஆர் ஃபவுண்டேஷன் ஒரு ஈவென்ட் (நிகழ்வு அறிவிப்பு) தரும். அதில் புதிதாகச் சேர்ந்தவை, புதுப்பிக்கப்பட்டவை, நீக்கப்பட்டவை என மூன்று பட்டியல்கள் இருக்கும். படம் கேமராவுக்குள் இருக்கும்வரை "புதுப்பிக்கப்பட்டவை" பட்டியலில் அது கிட்டத்தட்ட ஒவ்வொரு ஃப்ரேமிலும் வரும். கோரிக்கையை அங்கே எழுதிவிட்டால் ஒரே படத்துக்கு நொடிக்குப் பல கோரிக்கைகள் பறக்கும். அலுவலக வைஃபையில் இது வேலை செய்வதுபோலத்தான் தெரியும். செயலி வெளியே போன பிறகுதான் சர்வர் 429 (கோரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன) என்று திருப்பி அனுப்ப ஆரம்பிக்கும்.

சரி, "புதிதாகச் சேர்ந்தவை"யில் மட்டும் எழுதினால் போதுமா? அதுவும் போதாது. முதல் கோரிக்கை தோற்றுவிட்டால், படத்தை விலக்கி மறுபடி காட்டினாலும் பொதுவாக அது "புதியது" என்று வராது. ஏற்கெனவே தெரிந்த படம் என்பதால் அதன் டிராக்கிங் நிலை (இப்போது பின்தொடரப்படுகிறதா இல்லையா என்பது) மட்டும் மாறும். வாடிக்கையாளர் கேட்டலாக்கை எத்தனை முறை ஆட்டினாலும் ஒன்றும் நடக்காது. படத்தின் பெயரை வைத்து ஒரு டிக்‌ஷனரி வைத்துக்கொள்வதுதான் சரியான வழி. கேட்கவில்லை, போய்க்கொண்டிருக்கிறது, வந்துவிட்டது, தோற்றது என்ற நிலையையும், தோற்றிருந்தால் அடுத்து எப்போது முயலலாம் என்ற நேரத்தையும் அதில் குறித்து வையுங்கள். ஈவென்ட் எத்தனை முறை வந்தாலும் கோரிக்கை ஒன்றுதான் போகும்.

காத்திருப்பு வேறு, பிரித்துப் படிப்பது வேறு

"கோரூட்டீனில் போட்டுவிட்டேன், அதனால் தடங்கல் வராது" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கோரூட்டீன் என்பது ஒரு வேலையைப் பல ஃப்ரேம்களில் பிரித்து ஓட்டும் யூனிட்டி வசதி; அதுவும் ஒவ்வொரு ஃப்ரேமையும் தயாரிக்கும் அதே மெயின் த்ரெட்டில்தான் ஓடுகிறது. பதில் வரும்வரை காத்திருப்பது தடங்கல் இல்லை. வந்த பெரிய ஜேசனை (சர்வர் அனுப்பும் தரவு உரையை) பிரிப்பதும், படத்தை டெக்ஸ்ச்சராக (மாடலின் மேல் ஒட்டும் படமாக) மாற்றுவதும், மாடலின் மெஷ்களை (வடிவ வலைகளை) கட்டுவதும்தான் ஃப்ரேமைப் பிடித்து நிறுத்துகின்றன. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு இருப்பது சுமார் 16.7 மில்லி நொடி. அதைத் தாண்டினால் சாதாரணச் செயலியில் ஸ்க்ரோல் கொஞ்சம் திக்கும், அவ்வளவுதான். ஏஆரிலோ கேமராக் காட்சியே உறைந்து, பிறகு சட்டென்று குதிக்கும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

படங்களை வெறும் பைட்டாக இறக்கி, யூனிட்டியின் லோட்இமேஜ் மூலம் மாற்றாதீர்கள். யூனிட்டிவெப்ரிக்வெஸ்ட்டெக்ஸ்ச்சர் அந்த மாற்றத்தை வேறொரு த்ரெட்டில் செய்கிறது. மாடல்களை ஏற்ற ஜிஎல்டிஎஃப்ஃபாஸ்ட் என்ற தொகுப்பைப் பயன்படுத்தினால், ஒரு ஃப்ரேமில் இவ்வளவு நேரத்துக்கு மேல் எடுக்காதே என்று வரம்பு வைக்க அதிலேயே வழி இருக்கிறது.

கோப்பின் அளவைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கும். சில நூறு கேபி ஜேபெக் படம், 2048க்கு 2048 என்றால், நினைவகத்தில் விரியும்போது 16 எம்பி பிடிக்கும். ஒரு சோபாவுக்கு நிறம், நார்மல் (மேற்பரப்பின் மேடுபள்ளம்) என்று நான்கு டெக்ஸ்ச்சர் இருந்தால் 64 எம்பி. வாடிக்கையாளர் வரிசையாகப் பத்து சோபா மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கேம்ஆப்ஜெக்ட்டை (காட்சியில் நிற்கும் பொருளை) அழித்தால் இறக்கிய டெக்ஸ்ச்சர் தானாகப் போகாது, அதைத் தனியாக டெஸ்ட்ராய் செய்ய வேண்டும். கேடிஎக்ஸ்2 என்ற டெக்ஸ்ச்சர் வடிவத்தில் அனுப்பினால் ஜிபியுவுக்குள்ளும் (கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளும்) சுருங்கிய நிலையிலேயே இருக்கும்.

தட்டிய இடம் ஒன்று, சோபா நிற்கும் இடம் வேறு

எனக்கு இதுதான் ஏஆர் நெட்வொர்க் வேலையின் மிக முக்கியமான இடம். ஆனால் பலரும் கவனிக்காமல் கடப்பதும் இதைத்தான்.

வாடிக்கையாளர் தரையைத் தட்டுகிறார். ரேகாஸ்ட் (தொட்ட புள்ளியிலிருந்து கற்பனைக் கதிர் ஒன்றை விட்டு, அது தரையைத் தொடும் இடத்தைக் கண்டறிவது) ஓர் இடத்தைத் தருகிறது. அந்த ஆயத்தொலைவை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு மாடலை இறக்கப் போகிறோம். 4ஜி கொஞ்சம் மந்தம், ஏழெட்டு நொடி ஆகிறது. அதற்குள் அவர் இரண்டடி நடந்து அறையைச் சுற்றிக் காட்டிவிட்டார். டிராக்கிங்கைச் செய்யும் ஏஆர்கோரோ (ஆண்ட்ராய்டு) ஏஆர்கிட்டோ (ஐபோன்) அறையைப் பற்றி இன்னும் நன்றாகத் தெரிந்துகொண்டு, தன் கணிப்பைத் திருத்திவிட்டது. நாம் வைத்திருந்த பழைய எண்கள் இப்போது வேறோர் இடத்தைக் குறிக்கின்றன. மாடல் வந்ததும் சோபா தரையிலிருந்து விரற்கடை மேலே மிதக்கிறது, அல்லது சுவருக்குள் பாதி நுழைந்து நிற்கிறது. பிழை மாடலில் இருக்கிறது என்று நினைத்து 3டி கலைஞரிடம் திருப்பி அனுப்புவார்கள். பிழை அங்கே இல்லை.

அந்த ஃப்ரேமைத் தாண்டி ஓர் இடத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் ஆங்கர் வேண்டும்; கணிப்பு திருத்தப்படும்போது கூடவே தன் இடத்தையும் திருத்திக்கொள்ளும் நங்கூரப் புள்ளி அது. எனவே தட்டிய நொடியிலேயே ஆங்கரை உருவாக்குங்கள், டவுன்லோடை அதற்குப் பிறகு தொடங்குங்கள். மாடல் எப்போது வந்தாலும் அந்த ஆங்கரின் கீழ் போய் உட்காரட்டும். நடுவில் வாடிக்கையாளர் ரத்து செய்தாலோ வேறிடத்தைத் தட்டினாலோ பழைய கோரிக்கையை நிறுத்தி, ஆங்கரையும் அகற்ற வேண்டும். இல்லையென்றால் மறந்துபோன சோபா ஒன்று திடீரென்று அறை நடுவில் முளைக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் திரை நடுவே சுற்றும் சக்கரம் வேண்டாம். நீளம், அகலம், உயரம் மட்டும் உள்ள சின்ன ஜேசனை முதலில் வாங்கி, அதே அளவில் ஒரு கோட்டுப் பெட்டியைத் தரையில் வரையுங்கள். சோபா அந்த மூலையில் அடங்குமா என்ற கேள்விக்கு மாடல் வருவதற்கு முன்பே விடை கிடைத்துவிடும். பலருக்கு அதுதான் தெரிய வேண்டியிருக்கும்.

வந்தது உண்மையில் மாடல்தானா

யூனிட்டியில் கோரிக்கை அனுப்பப் பயன்படும் யூனிட்டிவெப்ரிக்வெஸ்டில் டைம்அவுட்டின் (காத்திருக்கும் நேர வரம்பின்) இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை. சின்ன கோரிக்கைகளுக்குக் கட்டாயம் ஒரு வரம்பு வையுங்கள். பெரிய கோப்புகளுக்கு மட்டும் கவனம் தேவை: மெதுவாக ஆனாலும் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கும் டவுன்லோடையும் அந்த வரம்பு வெட்டிவிடும். அங்கே இறங்கிய பைட்டுகள் கூடுகின்றனவா என்று பார்த்து, சில நொடிகள் நின்றுபோனால் மட்டும் ரத்து செய்வது நல்லது.

இணையம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அப்ளிகேஷன்.இன்டர்நெட்ரீச்சபிலிட்டியைக் கேட்பது இன்னொரு வழக்கமான பிழை. வைஃபையோ மொபைல் டேட்டாவோ இணைப்பில் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், சர்வரை எட்ட முடியுமா என்பதை அல்ல. மாலிலும் ஹோட்டலிலும் உள்ள வைஃபை, லாகின் செய்யாதவரைக்கும் எதைக் கேட்டாலும் தன் லாகின் பக்கத்தைக் கொடுக்கும். சில இடங்களில் அதை 200 என்ற வெற்றிக் குறியோடே கொடுக்கும். செயலி அந்த எச்டிஎம்எல்லை மாடல் என்று நம்பி கேஷில் (போனில் உள்ள தற்காலிகச் சேமிப்பில்) சேமித்துவிட்டால், வீட்டுக்குப் போனாலும் அந்த சோபா திறக்காது. ஜிஎல்பி (ஜிஎல்டிஎஃப் 3டி மாடலின் பைனரி) கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் அந்த வடிவத்தின் பெயரெழுத்துகளாகவே இருக்கும். அதைச் சரிபார்க்க ஒரு வரி போதும். டவுன்லோடைத் தற்காலிகப் பெயரில் இறக்கி, முழுசாக வந்து சரிபார்த்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மூன்று குறுக்குவழிகளைத் தொடவே வேண்டாம். ஐஓஎஸ் 9இலிருந்தும் ஆண்ட்ராய்டு 9ஐயோ அதற்குப் பிந்தையதையோ குறிவைக்கும் செயலிகளிலும் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி இயல்பாகத் தடுக்கப்படுகிறது. டெஸ்ட் சர்வருக்காக அதை முழுசாகத் திறந்துவிட்டு அப்படியே வெளியிடாதீர்கள். சான்றிதழ்ப் பிழை வருகிறதென்று, எதற்கும் "சரி" சொல்லும் சர்டிஃபிகேட்ஹேண்ட்லரை (சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும் கோடை) எங்கிருந்தோ எடுத்து ஒட்டாதீர்கள். ஏபிஐ சாவியை (சர்வர் சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியை) கோடில் எழுதாதீர்கள். ஐஎல்2சிபிபி (கோடை சி++ ஆக மாற்றும் யூனிட்டி வசதி) கொண்டு பில்ட் செய்தாலும் கோடில் உள்ள சொற்றொடர்கள் ஏபிகேக்குள் (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்புக்குள்) தனிக் கோப்பில் படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். சாவி உங்கள் சர்வரில் இருக்கட்டும்.

வலைப்பக்கத்தை எங்கே வைப்பது

சாதாரண வெப்வியூ, யூனிட்டியின் காட்சிக்கு மேல் ஒட்டப்படும் தட்டையான பலகை. அதை 3டி உலகில் சுவரில் மாட்ட முடியாது. அதற்கு வலைப்பக்கத்தை டெக்ஸ்ச்சராக வரைந்து தரும் பிளகின் வேண்டும். ஆனால் மாட்ட முடியும் என்பதற்காக மாட்ட வேண்டியதில்லை. விலைப் பட்டியல், பாலிசி, விமர்சனம் எல்லாம் அசையும் சுவரில் சாய்ந்த கோணத்தில் வாசிக்க முடியாத எழுத்துகள். என் கருத்தில், போனில் ஓடும் ஏஆருக்குக் கீழிருந்து பாதித் திரைவரை எழும் வெப்வியூவே போதும். சோபாவும் கண்ணில் படும், எழுத்தும் நேராக இருக்கும். டெக்ஸ்ச்சர் வழியில்தான் போவேன் என்றால், லிங்கைத் தொடும் விரல் பின்னால் உள்ள தரையில் இன்னொரு சோபாவையும் வைத்துவிடாமல் தடுக்க மறக்காதீர்கள்.

லாகினை வெப்வியூவுக்குள் வைக்கவே கூடாது. கூகுள் உள்நுழைவு அங்கே வேலையும் செய்யாது, தடுத்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டில் கஸ்டம் டேப் (செயலியிலிருந்தே திறக்கும் உண்மையான பிரவுசர் பக்கம்), ஐஓஎஸ்ஸில் அதேபோன்ற ஏஎஸ்வெப்ஆத்தென்டிகேஷன்செஷன் என்பதே முறை. கஸ்டம் டேப் திறந்ததும் ஏஆர் செஷன் நின்றுபோகும். திரும்பி வரும்போது போன் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனவே டிராக்கிங் மீளும்வரை மாடல்களை மறைத்து வைத்து, "முன்பு பார்த்த இடத்தை நோக்கிக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அதைவிட நல்லது, லாகினை ஏஆர் தொடங்கும் முன்பே முடித்துவிடுவது.

நினைவகம் குறையும்போது சிஸ்டம் முதலில் கைவைப்பது பல நேரம் வெப்வியூவின் ரெண்டரர் (பக்கத்தை வரையும் தனிப் ப்ராசஸ்) மீதுதான். ஏஆர் செயலிக்கு நினைவகம் எப்போதும் குறைவு. ஆண்ட்ராய்டில் ஆன்ரெண்டர்ப்ராசஸ்கான் என்ற அழைப்பைக் கையாளாவிட்டால் மொத்தச் செயலியும் விழும். ஐஓஎஸ்ஸில் பக்கம் வெறும் வெள்ளையாக நிற்கும். அங்கேயும் அதற்கான டெலிகேட் (அறிவிப்பு அழைப்பு) இருக்கிறது, அதில் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பாலம் (பக்கமும் செயலியும் ஒன்றையொன்று அழைக்கும் வழி) வைத்தால், அதை உங்கள் சொந்த டொமைன் பக்கத்துக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வேறு லிங்க் எல்லாம் வெளி பிரவுசருக்குப் போகட்டும்.

செயலியே இல்லாமல் பிரவுசரில் வெப்எக்ஸ்ஆர் (பிரவுசருக்குள்ளேயே ஏஆர் காட்டும் தொழில்நுட்பம்) வழியாகச் செய்பவர்களுக்கு விதிகள் வேறு. எச்டிடிபிஎஸ் இல்லாமல் தொடங்கவே முடியாது. வேறு டொமைனில் உள்ள படத்தை சிஓஆர்எஸ் அனுமதி (அந்தப் படத்தின் சர்வர் தரும் ஒப்புதல்) இல்லாமல் டெக்ஸ்ச்சராக்கினால் பிரவுசர் மறுத்துவிடும். காட்சிக்கு மேல் பட்டனும் எழுத்தும் வேண்டுமென்றால் டாம் ஓவர்லே (ஏஆர் காட்சிக்கு மேல் எச்டிஎம்எல்லைக் காட்டும்) அம்சத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்தை வேறொரு தளத்தின் ஐஃப்ரேமுக்குள் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டத்துக்குள்) வைத்தால், எக்ஸ்ஆர்-ஸ்பேஷியல்-டிராக்கிங் அனுமதியை அந்த ஐஃப்ரேமிலேயே எழுத வேண்டும். ஐபோன் சஃபாரியில் இந்த ஏஆர் முறையே கிடையாது என்பதையும் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சோதனையை மேசையில் உட்கார்ந்து முடிக்காதீர்கள். ஐபோனின் டெவலப்பர் செட்டிங்கில் உள்ள நெட்வொர்க் லிங்க் கண்டிஷனரில் (இணைய வேகத்தைச் செயற்கையாகக் குறைக்கும் வசதியில்) மோசமான நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து, மாடல் பாதி இறங்கும்போது எழுந்து நடந்து பாருங்கள். அப்புறம் லிஃப்டுக்குள் போய் வாருங்கள். டவுன்லோட் நடுவில் ஏர்பிளேன் மோட் போடுங்கள், ஒரு போன் அழைப்பை எடுங்கள், வெப்வியூவைத் திறந்துவைத்துப் பத்து சோபாவை மாற்றுங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் இதையெல்லாம் செய்து பார்த்த பிறகு வெளியிடுங்கள்.