அடுப்பு எரியுமா? பெருந்தொற்றுக் காலத்தில் வெள்ள நிவாரண உணவு

நிவாரணம் கொடுக்க வெள்ளம் சூழ்ந்த வீடுகளைக் கணக்கெடுக்கப் போகும்போது தலையை மட்டும் எண்ணிவிட்டு வராதீர்கள். அடுப்பு எரியுமா என்று கேளுங்கள். தண்ணீர் வடியாத வீட்டுக்குத் தானியம் கொடுத்தால் மூட்டையிலேயே பூஞ்சை பிடிக்கும். அங்கே முதல் சில நாளுக்கு ரொட்டி, பிஸ்கட், வறுத்த கடலை, பேரீச்சை மாதிரி சமைக்க வேண்டாதவைதான் சரி. கூடவே ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிநீர்.

அடுப்பு எரியும் வீட்டுக்கு ஒருவருக்கு ஒரு நாள் அளவு: தானியம் 400 கிராம், பருப்பு 90, எண்ணெய் 40, சர்க்கரை 15, உப்பு 5. ஏறத்தாழ 2,100 கலோரி வரும். 5 பேருக்கு 7 நாள் என்றால் தானியம் 14 கிலோ, பருப்பு 3.2 கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், சர்க்கரை அரை கிலோ, உப்பு 200 கிராம். மொத்தம் 19 கிலோவுக்கு மேல். இடுப்பளவு தண்ணீரில் இதை ஒரே மூட்டையாகத் தூக்கிப் போக முடியாது. இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தடித்த பாலிதீன் உறை இரண்டில் போடுங்கள். காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடக்கி, மடக்கின இடத்தில் கட்டினால்தான் தண்ணீர் உள்ளே போகாது. வெறும் முடிச்சு ஒழுகும். சோப்பும் பிளீச்சிங் பவுடரும் தனிப் பையில் போகட்டும். ஒன்றாக வைத்தால் அந்த வாடை தானியத்தில் ஏறிவிடும்.

சமைத்த உணவுப் பொட்டலத்தில்தான் அதிகம் சறுக்கும். காலையில் வடித்த சோறு மூடிய டப்பாவில் வெதுவெதுப்பாகவே கிடந்து மதியம் போய்ச் சேர்ந்தால், அதில் உருவாகும் சில நச்சுகள் மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 60 டிகிரிக்கு மேல் சூடாகவே கொண்டுபோங்கள்; முடியாவிட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய 2 மணி நேரத்துக்குள் சாப்பிடக் கொடுத்துவிடுங்கள். சமைத்த நேரத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள். வாந்தி, பேதி உள்ளவர் சமையல் பக்கமே வரக்கூடாது.

இனி வரிசை. லாரியை ஓரிடத்தில் நிறுத்திக் கூப்பிட்டால் ஊரே முண்டியடிக்கும். தொற்று பரவ அதுவே போதும். வீட்டு வாசலுக்கே கொண்டுபோவது நல்லது. வழியில்லையென்றால் தெருவாரியாக நேரம் குறித்து, வீட்டுக்கு ஒருவரை மட்டும் திறந்தவெளிக்கு வரச்சொல்லுங்கள். ஒரே பேனாவில் கையெழுத்து, ஒரே மையில் கைநாட்டு வேண்டாம். பெயரைக் கேட்டு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். நனைந்த முகக்கவசத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பதால் தொண்டர் ஒவ்வொருவரிடமும் 3 உலர்ந்தவை உறையில் இருக்கட்டும். தொண்டர்களை நாலைந்து பேராகப் பிரித்து, குழுவை மாற்றாமல் வையுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் குழு மட்டும் ஒதுங்கினால் போதும்.

நோயாளி தனித்திருக்கும் வீட்டில் பையை வாசலில் வைத்து, குரல் கொடுத்து, விலகி நில்லுங்கள்.

கைக்குழந்தை இருக்கிறதென்று பால்பவுடரைப் பொதுப் பையில் சேர்க்காதீர்கள். அசுத்த நீரில் கரைத்தால் குழந்தைக்குப் பேதிதான். பாலூட்டும் தாய்க்கு உணவும் நீரும் கூடுதலாகக் கொடுங்கள். தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தை இருந்தால், சுகாதாரப் பணியாளரிடம் தனியாகச் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள்.