பயன்பாட்டு மொழியியல் ஆய்வாளராக வேண்டுமா? முதலில் முப்பது பிள்ளைகளின் கட்டுரைகளைப் படியுங்கள்

எம்.ஏ. தமிழோ ஆங்கிலமோ முடித்தவர்கள் பலர், பயன்பாட்டு மொழியியலில், குறிப்பாக மொழி கற்பித்தலில், ஆய்வு செய்ய எங்கே சேரலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கையில் ஒரு கேள்வி இருந்தால்தான் எந்தத் துறை, ஆய்வை வழிநடத்த எந்த நெறியாளர் என்று தேட முடியும். அந்தக் கேள்வி வகுப்பறையில்தான் கிடைக்கும்.

படி 1: பிள்ளைகள் எழுதியதைச் சேகரியுங்கள்

பக்கத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரிடம், தங்கள் வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். தலைமையாசிரியர், பெற்றோர் இருவரிடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பெயர்களை நீக்கி எண் கொடுங்கள். திருத்தக் கூடாது, அப்படியே படியெடுங்கள்.

படி 2: பிழையைப் பிரித்துப் பாருங்கள்

இதற்குத்தான் நிறைய நேரம் ஆகும், ஆகட்டும். 1967இல் பிட் கார்டர் என்ற மொழியியலாளர் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார்: கவனக்குறைவால் வரும் தவறு வேறு, கற்பவரின் மனத்தில் இருக்கும் விதியைக் காட்டும் பிழை வேறு. எழுதிய பிள்ளையிடமே காட்டுங்கள். உடனே திருத்திவிட்டால் பெரும்பாலும் அது தவறு. “சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டால், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

‘மை ஃபாதர் இஸ் எ டீச்சர்’ என்பதை ஒரு பிள்ளை ‘மை ஃபாதர் டீச்சர்’ என்று எழுதியிருக்கலாம். ‘என் அப்பா ஆசிரியர்’ என்று தமிழில் சொல்லும்போது ‘இஸ்’ஸும் வேண்டாம், ‘எ’யும் வேண்டாம். இங்கே தாய்மொழியின் தாக்கம் தெரிகிறது. இன்னொரு பிள்ளை ‘ஈட்’ என்ற வினையின் இறந்தகாலத்தை ‘ஈட்டட்’ என்று எழுதுகிறது. இதைத் தமிழின் தலையில் கட்ட முடியாது. இறந்தகால விதியைக் கற்றுக்கொண்டு எல்லா வினைக்கும் பொருத்துகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தையும் இதையே செய்யும். கற்பவர் தமக்கென உருவாக்கிக்கொள்ளும் இந்த ஒழுங்குக்கு 1972இல் லாரி செலிங்கர் என்ற மொழியியலாளர் தந்த பெயரை ‘இடைமொழி’ என்கிறோம்.

தாய்மொழியால் வரும் பிழை, விதியை எல்லா இடத்திலும் பொருத்துவதால் வரும் பிழை, இந்த இரண்டு வகையையும் தனித்தனியாக எண்ணுங்கள். ‘எ’ எந்த இடங்களில் விடுபடுகிறது, எங்கே சரியாக வருகிறது? இது போதும், ஓர் ஆய்வுக் கேள்வி ஆகிவிட்டது.

படி 3: நம் மண்ணில் நடந்ததைப் படியுங்கள்

ஆங்கிலம் கற்பித்தலில் ஆய்வு செய்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடம் கிடையாது. கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது போன்ற பணிகளின் வழியே ஆங்கிலம். பணிவழிக் கற்பித்தலைப் பற்றி உலகில் எங்கே பேசினாலும் இந்தச் சோதனையைச் சொல்லாமல் இருப்பது அரிது. சாதாரணப் பள்ளி வகுப்புகளில் நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

படி 4: இடமும் தேர்வும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறை உண்டு. ஆங்கிலக் கல்வி என்றால் ஹைதராபாத் இஃப்லு, அதாவது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். இந்திய மொழிகள் என்றால் 1969இல் தொடங்கிய மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தையும் பாருங்கள்.

அப்புறம் நெட் தேர்வு, அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு. இரண்டு தாள், 150 கேள்வி, 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஒன்றையும் விடாதீர்கள். மொழியியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

படி 5: நெறியாளருக்கு எழுதுங்கள்

ஒரே பக்கம். உங்கள் கேள்வி, முப்பது கட்டுரைகளில் கண்டது, அவருடைய எந்த ஆய்வோடு அது சேர்கிறது. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்குள் அடுத்த வகுப்பின் கட்டுரைகளை வாங்கிவிடுங்கள்.