இணையக் கதைகளை வைத்து வாசிப்புச் சொல்லித்தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கற்றுத்தர வந்திருக்கும் சிலரின் வகுப்புகளில் போன மாதம் உட்கார்ந்திருந்தேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். இணைப்பு திறக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள், விளம்பரம் வராத தளமாக எடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

கேட்டதை வாசிப்பு என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். குரல் கதையைப் படிக்கும், சொற்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறும், குழந்தையும் கூடவே சொல்லும், நான்கு நாளில் தடங்கலே இல்லாமல் ஒப்பிக்கும், நாமும் மகிழ்ந்துபோய் "படிக்க வந்துவிட்டது" என்று பெற்றோரிடம் சொல்லிவிடுவோம். நானும் சொன்னேன். ஏழு வயதுப் பெண், ஒரு பருவம் முழுக்க என்னிடம் இப்படித்தான் வாசித்தாள்.

ஒருநாள் டேப்லெட்டில் ஒலி வரவில்லை. சரி, நீயே வாசி என்றேன். பக்கம் தவறி ஒன்று தள்ளிப் போயிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. திரையில் இருந்தது எட்டாம் பக்கம், அவள் வாயில் வந்தது ஏழாம் பக்கம், அதே ஏற்ற இறக்கத்தோடு. அதிலிருந்து 'தவளை' என்ற சொல்லை மட்டும் தாளில் எழுதிக் காட்டினேன். 'த' தெரிந்தது, 'வ' தெரிந்தது, அடுத்து நின்றுவிட்டாள். 'ளை'யில் சங்கிலிக்கொம்பு (ை) கண்ணுக்கு முதலில் படும், ஆனால் ஒலியில் 'ள்' முன்னால் வந்து 'ஐ' பின்னால் சேரும். அதை அவளுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. நான்தான் காட்டியிருக்க வேண்டும். அந்தப் பருவம் அவளுக்குத் திரும்பக் கிடைக்காது.

காதுக்கு விடை முன்னாடியே வந்துவிட்டால் கண்ணுக்கு வேலையே இல்லை. அதற்காக ஒலிக்கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் "வந்துகிட்டு இருந்தான்" என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு "வந்துகொண்டிருந்தான்" பழக அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அது கேட்கும் பயிற்சி. நான் இப்போது செய்வது: ஒருமுறை கேட்கவிடுவேன், அப்புறம் ஒலியை அணைத்து, சொல்லுக்கு அடியில் விரல் வைத்து வாசிக்கச் சொல்வேன். கடைசியில் கதையிலிருந்து ஐந்து சொற்களை வரிசை மாற்றி, படம் இல்லாமல், தாளில் எழுதித் தருவேன். அந்த ஐந்தையும் படித்தால்தான் என் கணக்கில் வாசிப்பு. திணறினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

நிலை எண்ணைப் பார்த்து எளிது என்று எடுப்பது

குழந்தைகளுக்கான புத்தகங்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஏராளமான படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, திறந்த உரிமத்தில் இருப்பதால் பிரிண்ட் எடுத்தும் கொடுக்கலாம். நான் அடிக்கடி எடுப்பது அங்கிருந்துதான். கதைகளை நிலை வாரியாகப் பிரித்திருப்பது தேட உதவும், ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து எடுத்துவிடுகிறோம். தமிழில் சொற்களின் எண்ணிக்கை ஏமாற்றிவிடும். 'குதித்துக்கொண்டிருந்தது' ஒரே சொல்தான், எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது 12 எழுத்து. கொடுக்கும் முன் கதையை நீங்களே வாய்விட்டு ஒருமுறை படித்துவிடுங்கள், நீளச் சொற்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

எழுத்து ஆப்போடு நிறுத்திக்கொள்வது

எழுத்து சொல்லித்தரும் ஆப்பில் அட்டையைத் தொட்டால் 'க' என்று ஒரே ஒலி. பக்கம், தங்கம், பகல் மூன்றிலும் 'க' ஒரே மாதிரியா ஒலிக்கிறது? அட்டையோடு நின்ற பிள்ளை 'பகல்' என்பதைப் 'பக்கல்' என்று படிக்கும். எழுத்தைக் காட்டிய அன்றே சொல்லுக்குள்ளும் காட்டிவிடுங்கள்.

படித்ததும் வினாடி வினா

வேண்டாம். முதலில் கதையைத் தன் வாயால் சொல்லட்டும்.

இணைப்புகளைச் சேர்த்துக்கொண்டே போவது

வாரத்துக்கு ஒரு கதை போதும். அதையே மூன்று தடவை, மூன்றாவது தடவை தாளில்.